வாய்க்கால் எந்தப் பக்கம்

ராசிபுரத்தில் தறிக்கு டிசைன் போடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் ஒன்று உஷாராணியுடையது. கல்யாணமாகி வந்த புதிதில், கணவர் ஆனந்தகுமாரின் டிசைன் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பென்சிலை எடுத்தவள், பதினாறு வருஷமாக அதைக் கீழே வைக்கவில்லை. கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு இழை. கட்டம் கட்டமாக நிரப்பி அவள் போட்ட மயில்களும் மாங்காய்களும் எத்தனையோ கல்யாணப் பெண்களின் தோளில் ஏறியிருக்கின்றன. எந்தப் பெண்ணும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "இதை யார் வரைந்தது?" என்று கேட்டதில்லை. அதில் உஷாராணிக்கு லேசான வருத்தம் உண்டு. வெளியே சொல்ல மாட்டாள்.

அப்படிப்பட்டவள் முப்பத்தேழாவது வயதில் சினிமாவில் வேலை செய்யப் போகிறேன் என்றாள். ஊர் கேட்ட முதல் கேள்வி, "நடிக்கறதுக்கா?" இல்லை, ஸ்டோரிபோர்டு வரைய என்றதும் ஊருக்குச் சுவாரசியம் போய்விட்டது.

அது என்னவென்று விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்துப்போனது. படம் பிடிப்பதற்கு முன்னால், கேமரா எங்கே நிற்கும், யார் எந்தப் பக்கமிருந்து வருவார், எதற்குப் பிறகு எது தெரியும் என்பதையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து கொடுக்கும் வேலை. டைரக்டரின் மனசில் ஓடுவதை லைட் போடுகிறவரும் லாரி ஓட்டுகிறவரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள அது வேண்டும். பக்கத்து வீட்டுச் சாரதாமணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் அப்பறம் படம் புடிக்கறாங்கல்ல, அதுக்கு முன்னாடி நீ எதுக்குக் கண்ணு வரையோணும்?" என்றாள். அதற்கு மேல் உஷாராணி யாருக்கும் விளக்கவில்லை.

இந்த ஆசை வந்த வழியும் வேடிக்கைதான். கொழுந்தனார் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வந்த காளிதாஸிடம், தாலி கட்டும் நேரத்தை எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாமல், கையிலிருந்த கிராஃப் தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தாள். முதல் கட்டத்தில் மாப்பிள்ளையின் கை மட்டும். அடுத்ததில் பெண்ணின் பின்கழுத்து, முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல்கள். அதற்கடுத்து உஷாராணியின் மாமனார் முகம். அழுகை வருகிறது, மனிதர் அடக்கிக்கொண்டிருக்கிறார். காளிதாஸ் அப்படியே எடுத்தான். வீடியோவைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு மாமனார் அடக்காமலே அழுதுவிட்டார். "அக்கா, சினிமாவுல இதுக்குன்னே தனியா ஆள் வெச்சிருக்காங்க, தெரியுமா?" என்று காளிதாஸ் சொன்னான். அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆனந்தகுமார் கத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நிதானமான மனிதர். "தையில இருந்து தை வரைக்கும் ஒரு வருசம் போய்ப் பாரு உஷா. சரிப்பட்டுச்சுன்னா சரி. இல்லீன்னா கடைக்கு வந்துரு. நடுவுல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். சொன்னபடியே கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் கூடப் பரவாயில்லை என்று அவளுக்குப் பல நாள் தோன்றியது.

இங்கே அவள் பழைய தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் டிசைன் கொடுக்கும் தறிகளில் சேலை குப்புறப் படுத்துக்கொண்டுதான் உருவாகும். முகம் கீழே, முதுகு மேலே. ஆகவே மயில் வலது பக்கம் பார்க்க வேண்டுமென்றால், தாளில் இடது பக்கம் பார்க்கிற மாதிரி போட வேண்டும். உஷாராணி முதலில் பட்டர் பேப்பரில் பென்சிலால் நேராக வரைவாள். தாளைத் திருப்பிப் போடுவாள். பின்பக்கம் நிழலாகத் தெரிகிற கோட்டின் மேல் மையால் இழுப்பாள். மயில் திரும்பிக்கொள்ளும். யோசிக்காமல் கையே செய்கிற வேலை அது. பிற்பாடு யாரும் குழம்பக் கூடாது என்பதற்காக, திருப்புவதற்கு முன்னாலேயே நேரான பக்கத்தின் மூலையில் "முகம்" என்று எழுதிவைப்பது அவர்கள் கடை வழக்கம்.

முதல் முறை சென்னையில் ஒரு சினிமா ஆபீசுக்குப் படங்களைக் கொண்டுபோனபோது, பழக்க தோஷத்தில் எல்லாத் தாள் மூலையிலும் "முகம்" என்று எழுதியிருந்தாள். அங்கே ஒருவர் அதை வாய்விட்டுப் படித்தார். நான்கு பேர் சிரித்தார்கள். இது சேலை டிசைன்ல போடறதுங்க என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். சினிமாக்காரி மாதிரி இருக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருக்காதா?

அந்த ஆபீசில் "பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். பிறகு ஏழெட்டு ஆபீசிலும் அதையே சொன்னார்கள். எல்லோரும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலும். ஆடி மாதம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது அதே காளிதாஸ். அவன் பிரபாகர் என்ற புது டைரக்டரிடம் அசிஸ்டெண்ட் ஆகியிருந்தான். பிரபாகர் சேலத்துக்காரர், முப்பது வயது, முதல் படம், எல்லாமே நம் பக்கத்து ஊர்களில் ஷூட்டிங். காளிதாஸின் போனில் இருந்த அந்தப் பன்னிரண்டு கட்டத்தைப் பார்த்துவிட்டு அவரே உஷாராணிக்குப் போன் போட்டார். இரண்டு சின்னக் காட்சி வரையச் சொன்னார். கெட்டித் தாளில் நேராக வரைந்து கொடுத்தாள். பிடித்துப்போனது. உஷாக்கா, உஷாக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் மட்டும் விடாமல் சார் என்றே சொன்னாள்.

கார்த்திகையில் பெரிய காட்சி வந்தது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ரோடு. எதிரே சைக்கிள் வந்தாலே ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான். ரோட்டுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வாழைத்தோப்பு. கரும்பு லோடு ஏற்றிய லாரி ஒன்று எதிரே வருகிறது. கதாநாயகனின் அப்பா மொபெட்டில் வெற்றிலைக் கட்டுகளோடு வாய்க்கால் ஓரமாக ஒதுங்குகிறார். லாரி அவரைத் தாண்டும் நேரத்தில் லோடு சரிந்து தோப்புப் பக்கம் கொட்டுகிறது. மனிதர் மயிரிழையில் தப்புகிறார். கொட்டுவது ஒரே ஒரு தடவைதான். மறுபடி எடுக்க முடியாது.

இதை லாரி ஒரு தாள், கரும்பு ஒரு தாள், ஆள் ஒரு தாள் என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிற மாதிரி வேண்டும் என்று பிரபாகர் கேட்டார். அதற்குப் பட்டர் பேப்பர்தான் தோது. உஷாராணி இடத்தை நேரில் போய்ப் பார்த்தாள், நோட்டில் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, காலையில் ஒரு அவசரக் கல்யாணச் சேலை டிசைனை முடித்துக் கொடுத்த கையோடு, மத்தியானம் இதற்கு உட்கார்ந்தாள். பதினான்கு தாள். ஒரே மூச்சில் முடித்தாள். காளிதாஸ் அதைப் படம் பிடித்து, லோடு கட்டுவதற்காகச் சங்ககிரி லாரிப் பட்டறைக்கு அனுப்பினான். அங்கே சண்டைப் பயிற்சியாளர் பெரியசாமியின் ஆட்கள், ஒரு கம்பியை உருவினால் லோடு ஒரே பக்கமாகச் சரிகிற மாதிரி கட்டினார்கள். பெரியசாமி வேறு படத்தில் இருந்ததால் இடத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் ஷூட்டிங். காலையில் உஷாராணி செருப்பு மாட்டும்போது ஆனந்தகுமார் வாசல் வரைக்கும் வந்தார்.

"தை வந்தா வருசம் முடியுது உஷா. நான் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா தைக்கு ஆர்டர் குமியுது. நீ வாரதா இருந்தா சரி. இல்லீன்னா ஒரு ஆளப் பாக்கோணும். இளம்பிள்ளையில ஒருத்தர் இருக்காரு, இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கறேன்."

"சாயங்காலம் சொல்றனுங்க" என்றாள். அவளுக்கே தெரியாத பதிலை எப்படிச் சொல்வாள்? படம் நன்றாக வந்தால் ஒரு பதில், வராவிட்டால் இன்னொரு பதில். பஸ் ஏறினாள்.

நாமக்கல்லில் வேலூர் பஸ் மாறினாள். வெயில் பக்கத்து ஜன்னல்தான் கிடைத்தது. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். பாதி திறந்திருந்த கண்ணாடி வழியாகக் காற்று அடித்து முதல் தாள் முகத்தில் ஒட்டியது. அதைப் பிடித்துக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினாள். மை இழுத்த பக்கம் வெளியே பார்த்தது, பின்பக்கம் அவளைப் பார்த்தது. வெயில் தாளுக்குள் புகுந்து படம் பளிச்சென்று தெரிந்தது. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் வாழைத்தோப்பு, நடுவே எதிரில் வரும் லாரி. அன்றைக்குப் பார்த்த இடம் அச்சு அசலாக அப்படியே. நன்றாகத்தான் வரைந்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகுதான், தான் பார்த்துக்கொண்டிருப்பது பின்பக்கம் என்று உறைத்தது.

தாளைத் திருப்பினாள். வாய்க்கால் வலது பக்கம் போய்விட்டது. அடுத்த தாளை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். அன்றைக்கு மத்தியானம் பட்டர் பேப்பரைத் தொட்டதும் கை தன்பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்திருக்கிறது. பென்சில் போட்டு, திருப்பி, மை இழுத்திருக்கிறது. மூலையில் "முகம்" என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தே இடம் வலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். எழுதவில்லை. பதினான்கு தாளும் குப்புறப் படுத்திருந்தன.

தாளில் கரும்பு சரிவது எதிரே வரும் லாரியின் டிரைவர் பக்கம். பட்டறையில் அதைப் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள். நிஜ ரோட்டில் டிரைவர் பக்கம் இருப்பது வாய்க்கால். அந்த வாய்க்கால் ஓரத்தில் மொபெட்டோடு நிற்கப்போவது டூப் போடுகிற சந்தோஷ்குமார். சங்ககிரிக்காரர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். போன வாரம் அவளிடம் வந்து, படத்துல என்ற மூக்க இத்தனை பெருசாப் போட்டுட்டீங்களே என்று சிரித்துவிட்டுப் போன மனிதர். லாரிக் கரும்பு அத்தனையும் அந்த மூக்கின்மேல் விழப்போகிறது.

காளிதாஸுக்குப் போன் போட்டாள். போகவில்லை. பிரபாகருக்குப் போட்டாள். அதுவும் போகவில்லை. வாய்க்கால் பக்கம் சிக்னல் கிடையாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பஸ் டிரைவர் என்னவோ அன்றைக்கென்று பார்த்துப் பார்த்து ஆள் ஏற்றினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உஷாராணி எழுந்து நின்றாள். "வேலூர் இன்னும் வரலீங்க, உக்காருங்க" என்றார் கண்டக்டர். "தெரியுதுங்க" என்று நின்றுகொண்டே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் வாழைத்தார் இறக்கிவிட்டுக் காலியாக நின்ற குட்டியானை வேன்காரரைக் கெஞ்சி ஏறிக்கொண்டாள். வாய்க்கால் ரோட்டின் முனையில் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்தியிருந்தார்கள்.

"ஷூட்டிங் பாக்கறவங்க எல்லாம் கயித்துக்கு வெளியிலயே நில்லுங்கம்மா."

"நான் பாக்க வரலீங்க. படம் வரையறது நான்தானுங்க!"

"இங்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தாம்மா ஏதாவது சொல்றாங்க. இப்பத்தான் ஒருத்தர் ஹீரோவோட சித்தப்பான்னாரு."

உஷாராணி குனிந்து கயிற்றுக்குள் நுழைந்து ஓடினாள். பின்னால் அவர் கத்தியது காதில் விழவில்லை. தூரத்தில் வாய்க்கால் ஓரமாக மொபெட்டைச் சாய்த்து நிறுத்திக்கொண்டு சந்தோஷ்குமார் ஹெல்மெட் மாதிரி எதையோ விக்குக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தார்ப்பாய் மூடிய லாரி உறுமிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே போய், கையை விரித்து, லாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

டிரைவர் வேலுமணி தலையை வெளியே நீட்டினார். சங்ககிரிப் பட்டறையிலிருந்து லாரியோடு வந்த ஆள். "ஏனுங் அம்மிணி, உசுரு மேல ஆசையில்லீங்களா?"

"அண்ணா, வண்டிய எடுக்காதீங்க! கரும்பு எந்தப் பக்கம் விழுகற மாதிரி கட்டியிருக்குதுங்க?"

"என்ற பக்கம், டிரைவர் பக்கந்தானுங்க. படத்துல அப்படித்தான போட்டிருக்குது?"

அதற்குள் பிரபாகரும் பெரியசாமியும் காளிதாஸும் ஓடிவந்தார்கள். பின்னால் அறுபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரமாகக் கூட்டிப்போய் மெல்லச் சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது காரணம் காட்டி லோடை மாற்றக் கேட்டிருக்கலாம் என்றுகூட ஓடி வரும்போது ஒரு நொடி தோன்றியது. சந்தோஷ்குமாரைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது.

"தப்பு என்னுதுங்க சார்" என்றாள். மூச்சு வாங்கியது. "படம் பூரா இடம் வலம் மாறிப் போச்சுங்க. கரும்பு தோப்புப் பக்கம் விழுகாது. இவரு மேல விழும்."

"எந்தத் தாள்லக்கா?"

"பதினாலும்."

பெரியசாமி லாரியைச் சுற்றிப் போனார். தார்ப்பாயைத் தூக்கி, கம்பி போகிற வழியைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். திரும்பி வந்து தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சந்தோஷு, அங்கிருந்து இப்படி வந்து நில்லு" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "லோடை இறக்குங்க" என்றார்.

பிரபாகர் உஷாராணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இறக்கி, மறுபக்கம் சரிகிற மாதிரி ஏற்றிக் கட்ட மூன்று மணி நேரம் ஆனது. பக்கத்து வயலில் வெட்டிக்கொண்டிருந்த கரும்பு ஆட்களைக் கூட்டிவந்தார்கள். லைட்காரர், மேக்கப்காரர் என்று பேதமில்லாமல் எல்லோரும் சுமந்தார்கள். உஷாராணியும் சுமந்தாள். கரும்புச் சோகை கிழித்து முழங்கை வரைக்கும் கோடு கோடாக எரிந்தது. யாரும் அவளோடு பேசவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் இருந்த அந்தப் பதைப்பு இப்போது இல்லை. சந்தோஷ்குமார் கண்ணெதிரே உயிரோடு கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார். இனி வேலை போனால் போகட்டும். அவ்வளவு நிம்மதியாகக் கூட ஒருத்தி வேலையை இழக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தக்காளி சாதத் தட்டோடு வாழை மரத்தடியில் தனியாக உட்கார்ந்தாள். காளிதாஸ் வந்து, "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சிபாரிசு செய்தவன், அவனுக்கும் பயம். இனி என்ன இருக்கிறது என்று போனை எடுத்து ஆனந்தகுமாருக்கு, "ஆளெல்லாம் வேண்டாங்க. நான் கடைக்கே வந்துர்றேன்" என்று அடித்து அனுப்பினாள். சிக்னல் இல்லாத இடம். செய்தி போகாமல் பக்கத்தில் சின்னக் கடிகாரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழுகை வந்தது. அழுதாள். பிறகு சாதத்தைச் சாப்பிட்டாள், பசி பசிதானே.

கை கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது பிரபாகர் நின்றிருந்தார். கீழே கிடந்த கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்து, "அந்தத் தாளெல்லாம் குடுங்க" என்றார்.

கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"பின்னாடி இருந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கே."

"ஆமாங்க சார். பின்பக்கம்தான் நேர்ப் பக்கம்."

"எப்படிக்கா இப்படி ஆச்சு?"

குப்புற நெய்யும் சேலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். மூலையில் எழுதுகிற "முகம்" வரைக்கும் சொன்னாள்.

"அதை ஏன் விட்டீங்க?"

"சிரிச்சாங்க சார்."

பிரபாகர் சிரிக்கவில்லை. "இந்தத் தாள நான் நூறு தடவ பாத்திருப்பேன். காளிதாஸ் பாத்தான். பெரியசாமி மாஸ்டர் பாத்தாரு. இந்த இடத்துல காலையில ஆறு மணியிலிருந்து நிக்கறோம். ஒருத்தருக்கும் தெரியல. நீங்க பஸ்ல தூங்கிட்டு வந்திருந்தா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்? உங்க மேல இருந்த கோபம் சோத்துக்கு முன்னாடியே போச்சு." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "எழுதுங்க. பதினாலுலயும் எழுதுங்க. எழுதிட்டு மானிட்டர் பக்கத்துல வந்து உக்காருங்க."

உஷாராணி எழுதினாள். நல்ல பெரிய எழுத்தாகவே எழுதினாள். பதினான்காவது தாளுக்கு வரும்போது பெரியசாமி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். "நானும் ஒரு நடை வந்து இடத்தைப் பாத்திருக்கணும்மா. தாள் இருக்குதேன்னு இருந்துட்டேன்" என்றார். அந்தப் பெரிய மனிதர் அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தோளிலிருந்த பாரம் இறங்கியது.

மூன்றரை மணிக்கு எல்லாம் தயாரானது. லாரி தூரத்தில் போய்த் திரும்பி நின்றது. கேமரா மூன்றும் சரி. பிரபாகர் மைக்கை எடுத்தார். அப்போது மொபெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சந்தோஷ்குமார் அங்கிருந்தே கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிசங்க சார்! உஷாக்கா எங்கிருக்காங்க?"

உஷாராணி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அக்கா, நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்? நீங்க சொல்லுங்க, நிக்கறேன்."

அறுபது பேரும் அவளைப் பார்த்தார்கள். கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. காலையில் அவர்மேல் ஒரு லாரிக் கரும்பைக் கொட்டப் பார்த்தவள் அவள். அவளைத்தான் கேட்கிறார். உஷாராணி தாளைப் பார்த்தாள். மூலையில் "முகம்" நேராக இருந்தது. வாய்க்காலைப் பார்த்தாள். கம்பி எந்தப் பக்கம் என்று பெரியசாமியிடம் வாய்விட்டுக் கேட்டு, தோப்பைப் பார்த்த கிளீனர் பக்கம் என்று அவர் வாயால் சொல்ல வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"வாய்க்கால் பக்கமே நில்லுங்க. பயமில்லாம நில்லுங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் நின்றார்.

லாரி வந்தது. மொபெட் ஒதுங்கியது. ஒரு கணம் சந்தோஷ்குமார் லாரிக்குப் பின்னால் மறைந்துபோனார். உஷாராணி கண்ணை மூடிக்கொண்டாள். கம்பி உருவும் சத்தம், பிறகு மழை பெய்கிற மாதிரி கரும்பு கொட்டுகிற சத்தம். கண்ணைத் திறந்தபோது தோப்போரம் முழுக்கக் கரும்பாகக் கிடந்தது. வாய்க்கால் ஓரத்தில், சிதறிய வெற்றிலைக்கு நடுவே, சந்தோஷ்குமார் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். மேலே ஒரு சோகைகூடப் படவில்லை. அத்தனை பேரும் கை தட்டினார்கள். உஷாராணி தட்டவில்லை. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

டீ வந்தது. வேலுமணி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்று, ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, ஒரு குறை சொல்லட்டுங்களா? பதினாலு படத்துல லாரி இருக்குது. ஒண்ணுலயாச்சும் டிரைவர் இருக்கறானா? என்னையப் போட்டிருந்தீங்கன்னா, நான் இடது பக்கம் உக்காந்து ஓட்டறதப் பாத்து அன்னிக்கே கேட்டிருப்பேன். வண்டி தானா ஓடுதுன்னு நெனச்சுட்டீங்களா?"

உஷாராணி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரம் ஆனது. இனிமேல் டிரைவர் இல்லாமல் லாரி போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பிரபாகர் வந்து, கிளைமாக்ஸ் சங்ககிரி மலைக்கோட்டை மேலே, இருபத்தி இரண்டு தாள் வேண்டும், வியாழக்கிழமை இடம் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், தினமும் கேட்கிற மாதிரி.

"போலாங்க சார்" என்றாள். பிறகு, "மாஸ்டரும் கூட வரோணுங்க" என்றாள். பெரியசாமி தொப்பியைத் தொட்டார்.

நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகுதான் மத்தியானம் அனுப்பிய செய்தி ஞாபகம் வந்தது. பதறிப்போய்ப் போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. கடிகாரம் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அழுத்திப் பிடித்து, அழித்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஆனந்தகுமாரே கூப்பிட்டார்.

"முடிஞ்சுதா உஷா?"

"முடிஞ்சுதுங்க. நல்லபடியா முடிஞ்சுது" என்றாள். "ஊட்டுக்கு வந்து எல்லாம் சொல்றேன். நெறையா இருக்குது."

"அந்த இளம்பிள்ளைக்காரரு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. என்ன சொல்லட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கூடவே ஓடி வந்தது. அது இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று உஷாராணி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"வரச் சொல்லீருங்க" என்றாள். "வந்ததும் மொதல்ல, மூலையில 'முகம்' எழுதச் சொல்லிக் குடுத்துருங்க."